செகண்ட் லைஃபில் சேமித்த கடவுச்சொல் காணாமல் போனால்

நேற்றுவரை பெயரைத் தேர்ந்தெடுத்ததும் கடவுச்சொல் தானே நிரம்பியது, இன்று பெட்டி காலி. செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்துக்குள் நுழைய உதவும் ஃபயர்ஸ்டார்ம் வியூவர் மென்பொருளில் இது நடந்தால் உடனே லாகின் செய்யாதீர்கள், அன்இன்ஸ்டாலும் வேண்டாம். வியூவரை மூடி, டாஸ்க் மேனேஜரில் அது பின்னணியில் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, இரு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் தட்டுங்கள். திறக்கும் இடத்தில் ஃபயர்ஸ்டார்ம் என்று தொடங்கும் ஃபோல்டர், அதற்குள் யூசர் செட்டிங்ஸ். அங்கே பின்_கான்ஃப்.டாட் என்ற கோப்பு இருக்கும் (பி, ஐ, என், அடிக்கோடு, சி, ஓ, என், எஃப், புள்ளி, டி, ஏ, டி). கடவுச்சொற்கள் இருப்பது இதில்தான். முதலில் இதை டெஸ்க்டாப்பில் நகலெடுத்து வையுங்கள்.

காரணம் இதுதான். அந்தக் கோப்பு உங்கள் கணினியின் அடையாள எண்ணைச் சாவியாகக் கொண்டு பூட்டப்பட்டது. சாவி பொருந்தாவிட்டால் வியூவர் காலிப் பட்டியலோடு திறக்கும். அந்த நிலையில் லாகின் செய்து சேமித்தால் புதுப் பட்டியல் பழையதன் மேலேயே எழுதப்பட்டுவிடும். ஐந்தாறு ஆல்ட் (கூடுதல்) கணக்கு வைத்திருப்பவருக்கு அது பெரிய இழப்பு. மதர்போர்டு மாற்றினாலோ, கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோனாலோ பூட்டு திறக்காது. அங்கே கடவுச்சொல்லைப் புதிதாகத் தட்டுவதுதான் வழி.

வன்பொருள் எதுவும் மாறவில்லையா? விண்டோஸில் அந்த அடையாள எண் கிடைப்பது விண்டோஸ் மேனேஜ்மென்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன் என்ற சேவை வழியாக. சர்வீசஸ் பட்டியலில் அது ‘ரன்னிங்’ என்று காட்டுகிறதா பாருங்கள். நின்றிருந்தால் ஸ்டார்ட் கொடுத்து, நகலெடுத்த கோப்பைப் பழைய இடத்தில் வைத்து வியூவரைத் திறங்கள். சேவை நின்றதுதான் காரணம் என்றால் கடவுச்சொற்கள் திரும்பிவிடும்.

கிரிட் தேர்வையும், அதாவது எந்த உலகத்தில் நுழைகிறீர்கள் என்பதையும் பாருங்கள். சேமிப்பு ஒவ்வொரு கிரிட்டுக்கும் தனித்தனி. சோதனைக் கிரிட்டான அடிட்டியில் நின்றுகொண்டு முதன்மைக் கிரிட்டான அக்னியின் கடவுச்சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஓப்பன்சிம் (செகண்ட் லைஃப் போன்ற உலகங்களைப் பிறர் நடத்த உதவும் மென்பொருள்) உலகங்களுக்கான ஃபயர்ஸ்டார்மும் வேறு ஃபோல்டரையே பயன்படுத்துகிறது.

இவை எதுவும் பலிக்கவில்லை என்றால் கோப்பின் பெயரை மாற்றுங்கள், பழைய என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். வியூவரைத் திறந்து, கடவுச்சொல்லை நினைவில் வை என்ற பெட்டியை டிக் செய்து, உலகத்துக்குள் முழுதாக நுழைந்தபின் க்விட் கொடுத்து வெளியேறுங்கள். இரண்டு கணக்குகளை ஒரே நேரத்தில் இரு சாளரங்களில் சேமிக்க வேண்டாம். பின்னால் எழுதுவது முன்னதை அழித்துவிடக்கூடும். இருபடிச் சரிபார்ப்பு வைத்திருந்தால் இந்தமுறை குறியீடும் கேட்கும். அதன் நினைவும் இதே கோப்பில்தான் இருந்தது.

ஒவ்வொரு முறை மூடும்போதும் மறந்துபோகிறது என்றால் கோப்பு எழுதப்படவே இல்லை. ப்ராபர்டீஸில் ரீட் ஒன்லி டிக் இருந்தால் எடுங்கள். ஆன்டிவைரஸில் வியூவருக்கு அனுமதி கொடுங்கள். லாகின் முடிந்ததும் கோப்பின் ‘மாற்றிய நேரம்’ புதிதாகிறதா என்று பார்த்தால் பிரச்சினை தீர்ந்ததா என்பது தெரியும்.

கேஷ் அழிப்பதால் பயனில்லை, கடவுச்சொல் அங்கே இல்லை. ஃபயர்ஸ்டார்ம் ஃபோல்டரை மொத்தமாக அழிப்பதோ ஆபத்து: நீங்கள் இடம் மாற்றியிருக்காவிட்டால் சாட் பதிவுகளும் அதற்குள்தான் இருக்கின்றன. கடவுச்சொல்லே மறந்துவிட்டால் செகண்ட் லைஃப் தளத்துக்கு முகவரியை நீங்களே தட்டிப் போய் ரீசெட் செய்யுங்கள். உலகத்துக்குள் யாரோ அனுப்பிய இணைப்பில் ஒருபோதும் தட்டாதீர்கள்.