வேட்பாளர் மீது புகார் கிளம்பினால் செய்யக்கூடாத தவறுகள்

சட்டமன்றத் தேர்தல் வந்தால் குமரி மாவட்டத்தின் 6 தொகுதிகளிலும் வேட்பாளர் அலுவலகங்களுக்குப் புதிய பிள்ளைகள் வருகிறார்கள். நன்றாகவே உழைக்கிறார்கள். ஆனால் வேட்பாளர் மேல் ஒரு புகார் கிளம்பியதும், எங்கள் காலத்து ஆட்கள் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். நிருபரிடம் கோபப்படக் கூடாது என்பதெல்லாம் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

படிவம் 26-ஐப் படிக்காமல் மறுப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். வேட்புமனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரம் படிவம் 26. நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன் எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். வேட்பாளருக்காகப் பேசுகிறவர்கள்தான் அதைப் படிப்பதில்லை.

நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில், பணத் தகராறு பற்றிய வீடியோ ஒன்று சுற்றத் தொடங்கியதும் "எங்கள் வேட்பாளர் மேல் எந்த வழக்கும் இல்லை" என்று உடனே அறிக்கை விட்டார்கள். வேட்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் எதிர்த்தரப்பு எங்கள் பிரமாணப் பத்திரத்தின் பக்கத்தையே சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியது. அதில் ஒரு செக் கேஸ் இருந்தது. "செக் கேஸ் எல்லாம் ஒரு வழக்கா?" என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். செக் திரும்பிய வழக்கும் குற்ற வழக்குதான். அதைப் பத்திரத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

முந்தின நாள் வரை செக் கேஸைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து "பொய் சொல்லிவிட்டார்" என்பதே பேச்சு. குளச்சல் கடற்கரையில் பேசுவது அன்றைக்கே வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போகும். அங்கிருந்து குடும்ப வாட்ஸ்அப் குரூப் வழியாக அருமனைக்கும் மார்த்தாண்டத்துக்கும் திரும்பி வரும். மறுப்பைத் திரும்பப் பெற வழியே இல்லை.

குற்ற வழக்கு இருந்தால் அதைப் பிரச்சாரக் காலத்தில் 3 முறை பத்திரிகையிலும் டிவியிலும் வேட்பாளரே விளம்பரமாக வெளியிட வேண்டும். 2018-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலிருந்து வந்த விதி இது. நம் காசிலேயே வழக்கு உண்டு என்று அச்சாகும்போது, நம் ஆள் மேடையில் வழக்கே இல்லை என்று பேசினால் எப்படி?

அதனால் மனுத்தாக்கல் செய்த அன்றே பேச்சாளர்கள், ஐடி விங், பூத் ஏஜென்ட் எல்லோரும் படிவம் 26-ஐப் படியுங்கள். அப்புறம் வக்கீலை வைத்துக்கொண்டு வேட்பாளரிடம் கேளுங்கள்: இதில் இல்லாத சங்கதி என்ன? கூட்டுத் தொழில், குடும்பச் சண்டை, பழைய நிலப் பிரச்சினை எல்லாம் கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். கேட்டே ஆக வேண்டும்.

புகார் கொடுத்தவரை மிரட்டுவது

கூடாது. பெண் புகார் கொடுத்தால் அவர் வீட்டுப் பக்கமே போகாதீர்கள்.

பதிலுக்கு எதிராளியின் சொந்த வாழ்க்கையைத் தோண்டுவது

பொய்யென்று தெரிந்தே ஒரு வேட்பாளரின் நடத்தையைப் பற்றி அவதூறு பரப்புவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவில் வரும். ஜெயித்த பிறகும் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு போட்டு வெற்றியை ரத்து செய்ய முடியும்.

கடைசி நாளுக்கு எதுவும் தயாராக இல்லாதது

வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரம் முன்பே பிரச்சாரம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பதில் சொல்லக் கூட்டம் போட முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் புதுப் புகார் வரும். வக்கீல் பார்த்துச் சரி சொன்ன பதிலையும், தேர்தல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டிய மனுவையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.