மார்கழியில் ஜன்னலை எப்போது திறப்பது?

காலைக் காற்று உடம்புக்கு நல்லது என்று எங்கள் வீட்டில் ஐந்து மணிக்கே எல்லா ஜன்னலையும் திறந்துவிடுவோம். பெரம்பூரில் மூன்றாவது மாடி. சின்னவனுக்கு இளைப்பு உண்டு. மார்கழி வந்தால் விடியற்காலையில் நெஞ்சு விசிலடிக்கும். பனிதான் காரணம் என்று குல்லா போட்டுவிட்டோம். நுண்துகளை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி அவன் கட்டில் பக்கத்தில் வைத்த பிறகுதான் யோசித்தேன். பகல் இரண்டு மணிக்கு ஒரு கனமீட்டருக்கு 30 மைக்ரோகிராம் காட்டியது, மறுநாள் விடியலில் 110.

நடப்பது இதுதான். ராத்திரியில் தரை குளிர்கிறது, அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்கிறது. லாரிப் புகை, குப்பை எரித்த புகை எதுவும் மேலேறிக் கலைய முடியாது. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் மூடி உடையும். அதனால் மார்கழி, தையில் ஜன்னலைப் பத்தரை, பதினொன்றுக்கு மேல் திறங்கள். நடைப்பயிற்சியையும் சாயங்காலம் இருட்டுவதற்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி, கொடுங்கையூர், வேளச்சேரி என்று பக்கத்து நிலையத்தைப் பார்க்கலாம். ஆனால் ஏக்யூஐ என்ற காற்றுத் தரக் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிஎம் 2.5 என்ற நுண்துகளுக்கு அது 24 மணி நேரச் சராசரி. இந்த நிமிடத்தைச் சொல்லாது. மேலும், ஒரு கனமீட்டரில் இந்தத் துகள் 60 மைக்ரோகிராம் இருந்தால் நம் நாட்டுக் கணக்கில் ஏக்யூஐ 100, 'திருப்தி'. அதே காற்று அமெரிக்கக் கணக்கில் 150-ஐத் தாண்டிவிடும். செல்போனில் வரும் பல செயலிகள் அமெரிக்கக் கணக்கையே காட்டுகின்றன. அதனால் பிஎம் 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்று தேடிப் பாருங்கள். ஒரு நாள் சராசரி 15-ஐத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு வரம்பு 60. இளைப்பு உள்ள பிள்ளைக்கு நான் 15-ஐத்தான் மனதில் வைத்திருக்கிறேன்.

வீட்டுக் கருவியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. உள்ளே ஒரு லேசர், துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்துத்தான் கணக்கிடுகிறது. பனிக் காலையில் துகள்கள் ஈரம் குடித்து உப்பிவிடும், எண் கூடுதலாகக் காட்டும். என் 110-இலும் கொஞ்சம் பனி இருந்திருக்கும். நிலையத்து எண்ணும் அதே நேரம் ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம், ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே கொசுவத்தி ஏற்றினால் எல்லாம் வீண். ஒரு ராத்திரி ஏற்றிப் பார்த்தேன், அரை மணியில் எண் முந்நூறைத் தாண்டியது. அன்றைக்கே கொசுவலை வாங்கினோம். சாம்பிராணியை மதியம், ஜன்னல் திறந்திருக்கும்போது போடுகிறேன்.

சித்திரை, வைகாசியில் கணக்கு மாறும். வாகனப் புகையில் உள்ள வாயுக்கள் கடும் வெயிலில் வினைபுரிந்து, மூச்சுக்குழாயை உறுத்தும் தரைமட்ட ஓசோன் வாயு ஆகும். மதியத்துக்கு மேல்தான் அது உச்சம். துகள் கருவிக்கு ஓசோன் தெரியாது, முகக்கவசமும் அதைத் தடுக்காது. செயலியில் ஓசோன் எண்ணைத் தனியாகப் பாருங்கள். குப்பைமேட்டிலிருந்து வரும் மீத்தேன் பூமியைச் சூடாக்குகிறது, ஓசோன் உருவாகவும் துணைபோகிறது. பூமி சூடேற ஏற இந்த ஓசோன் நாட்களும் கூடும். டீசல் கரி ஓரிரு வாரத்தில் காற்றிலிருந்து இறங்கிவிடும், அதே புகைக்குழாயில் வந்த கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கு நூற்றாண்டுக் கணக்கில் மேலேயே நிற்கும். பிள்ளையின் இளைப்பும் பூமியின் சூடும் எனக்கு வேறு வேறாகத் தெரியவில்லை.

போகிக்கு மட்டும் தனி ஏற்பாடு. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் விமானங்களே தடுமாறின. முதல்நாள் ராத்திரியே ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகிவிடுங்கள். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் என்95 போடுங்கள், கைக்குட்டை போதாது. எங்கள் குடியிருப்பில் பழைய பாயையும் டயரையும் எரிக்காமல் குப்பை வண்டியில் போடச் சொல்லி வீடு வீடாகக் கேட்டோம். ஏழு வீட்டில் சரி என்றார்கள்.