சேலத்தில் அரசு பல் சிகிச்சை: எங்கே போவது, எப்படிப் போவது

சொத்தைப் பல்லுக்கு எடுத்த எடுப்பில் சேலம் ஜி.எச்.சுக்கு ஓட வேண்டியதில்லை. ஆத்தூர், மேட்டூர், ஓமலூர், ஏற்காடு என்று பக்கத்து அரசு மருத்துவமனையில் முதலில் கேளுங்கள். சில ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் பிரிவு உண்டு. ஆனால் சின்ன இடங்களில் ஒரே ஒரு பல் மருத்துவர்தான் இருப்பார். அவர் முகாமுக்குப் போயிருந்தால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. நாகலூரிலிருந்து ஏற்காட்டுக்குப் புறப்படுகிறவர், டாக்டர் எந்தெந்த நாள் வருகிறார் என்று முந்தின நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஜி.எச். என்றால் கோட்டைப் பக்கம், பழைய பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் இருக்கும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆட்டோக்காரரிடம் "மெடிக்கல் காலேஜ்" என்று மட்டும் சொன்னால் ஸ்டீல் பிளான்ட் ரோட்டில் இறக்கிவிடக்கூடும். கல்லூரி அங்கே, ஆஸ்பத்திரி இங்கே. புறநோயாளி நேரம் காலையில்தான். பத்து மணிக்கு மேல் போனால் சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து முடிப்பதற்குள் பிரிவை மூடிவிடுவார்கள். மறுநாளும் வர வேண்டியிருக்கும்.

கையில் ஆதார், பழைய சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை இருக்கட்டும். அந்த அட்டைதான் முக்கியம். "ரத்தம் உறையாத மாத்திரை" சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சொல்லாமல் அதை நிறுத்தவே கூடாது. அந்த மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிவிட்டால் போதும். சர்க்கரையோ பிரஷரோ ஏறியிருந்தால் பல் எடுக்காமல் திருப்பி அனுப்புவது வழக்கம், அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பதற்கு வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு போங்கள். பட்டினியோடு போனால்தான் மயக்கம் வரும்.

பல் எடுப்பது, அடைப்பது, சுத்தம் செய்வது அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் நடந்துவிடும். வேர் சிகிச்சை (ரூட் கெனால்), கேப், பல் செட் எல்லா இடத்திலும் கிடைக்காது. அங்கே இல்லையென்றால் அரியானூரில் விநாயகா மிஷன் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரி, ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வதால் நேரம் பிடிக்கும், இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு குழந்தையின் சொத்தையைக் குறித்துக் கொடுத்தால் அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மேல்சிகிச்சைக்கு அனுப்பும் வழியே அதுதான்.

கன்னம் வீங்கிக் காய்ச்சல் அடித்தாலோ, விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாவிட்டாலோ, ராத்திரியானாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், இல்லை 108-ஐக் கூப்பிடுங்கள். பாக்கு, ஹான்ஸ் புகையிலை போடுகிறவர்களுக்கு இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும்.

பல் எடுத்தபின் பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி வரை அழுத்திக் கடித்திருங்கள். ஏற்காட்டுக்காரர்கள் ரத்தம் நின்ற பிறகே பஸ் ஏறுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னல் வழியே துப்பிக்கொண்டே போனால் குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். அப்படிப் பெயர்ந்தால் இரண்டு மூன்று நாளில் காதுவரை இழுக்கும் வலி வரும். பல் எடுத்த அன்றைக்குக் கொப்பளிக்கவும் வேண்டாம், பீடியும் வேண்டாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் மறுநாளிலிருந்து.