பிரேசல் வெர்பில் அட்வெர்பை எங்கே வைப்பது? வேலூர்க்காரர்களுக்கு ஒரு கையேடு

காந்தி ரோடு லாட்ஜ்களின் ரிசப்ஷனில், மருத்துவமனைப் பதிவு கவுன்டரில், காட்பாடி ஜங்ஷன் வாசலில், ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிகளின் மெயிலில் என்று நம் பக்கத்தில் ஆங்கிலம் தினசரித் தேவை. கல்கத்தாவிலிருந்து வைத்தியத்துக்கு வந்தவருக்கும் நமக்கும் பொதுவான மொழி பல நேரம் அதுதான். "செக் அவுட்", "பிக் அப்", "ஸ்விட்ச் ஆஃப்" எல்லாம் யாருக்கும் புதிதல்ல. இப்படி ஒரு வினையும் அப், ஆஃப், அவுட் போன்ற ஒட்டுச்சொல்லும் சேர்ந்து வருவதுதான் பிரேசல் வெர்ப். அவற்றோடு வேகமாக, முழுசாக, ஏற்கெனவே, மெதுவாக என்று ஓர் அட்வெர்பை, அதாவது வினையடையைச் சேர்க்கும்போதுதான் வாக்கியம் தடுமாறுகிறது.

காரணம் நம் மொழியின் பழக்கம். "போனை வேகமாக எடுத்தார்" என்றாலும் சரி, "வேகமாகப் போனை எடுத்தார்" என்றாலும் சரி. ஆங்கிலத்துக்கு இந்தத் தாராளம் இல்லை. வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே அட்வெர்ப் நுழையக் கூடாது. "ஹி பிக்ட் அப் குவிக்லி தி போன்" தவறு. "ஹி பிக்ட் குவிக்லி அப் தி போன்" அதைவிடத் தவறு. சரியான இடம் இரண்டு: வினைக்கு முன்னால், அல்லது வாக்கியத்தின் கடைசியில். "ஹி குவிக்லி பிக்ட் அப் தி போன்", "ஹி பிக்ட் அப் தி போன் குவிக்லி". பேச்சில் இரண்டும் வரும்.

எந்த அட்வெர்புக்கு எந்த இடம்? எப்படிச் செய்தார் என்று சொல்லும் குவிக்லி, ஸ்லோலி, கேர்ஃபுல்லி போன்றவை கடைசியில் வசதியாக உட்காரும். ஜஸ்ட், ஆல்ரெடி, ஆல்மோஸ்ட், ஃபைனலி ஆகியவற்றை வினைக்கு முன்னால் வையுங்கள். ஹாஸ், ஹாவ், வில் போன்ற துணைவினை இருந்தால் முதல் துணைவினையை அடுத்து. "தி ட்ரெயின் ஹாஸ் ஜஸ்ட் புல்ட் அவுட்", அதாவது ரயில் இப்போதுதான் கிளம்பியது. "ரூம் டூ நாட் ஃபோர் ஹாஸ் ஆல்ரெடி செக்ட் அவுட்". "வீ ஹாவ் ஆல்மோஸ்ட் ரன் அவுட் ஆஃப் லைனிங் லெதர்". ஆல்மோஸ்ட்டைக் கடைசிக்குத் தள்ளினால் வாக்கியம் நிற்காது.

செயப்படுபொருள் நீளமாக இருந்தால் எப்படி என்பதைக் குறிக்கும் அட்வெர்பும் முன்னால்தான் வர வேண்டும். "ஷி பொலைட்லி டர்ன்ட் டவுன் தி ஆஃபர் தட் தி பையர் சென்ட் ஆன் மண்டே" என்றால் மறுத்தவர் பணிவாக மறுத்தார். அதே பொலைட்லியைக் கடைசியில் வைத்தால், பையர் (சரக்கு வாங்குபவர்) பணிவாக அனுப்பினார் என்று பொருள் மாறிவிடும். மெயில் எழுதுகிறவர்கள் இதில் கண்ணாக இருக்க வேண்டும்.

அடுத்தது "இட்", "தெம்", "ஹிம்" போன்ற சிறு சொற்கள். இவை வினைக்கும் அதன் ஒட்டுச்சொல்லுக்கும் நடுவில்தான் வரும்: "ஸ்விட்ச் இட் ஆஃப்". அட்வெர்ப் அதற்குப் பிறகு: "ஃபில் இட் இன் கேர்ஃபுல்லி". "ஃபில் இன் இட்" என்று சொல்லவே கூடாது. விண்ணப்பத்துக்கு இந்தியாவில் "ஃபில் அப்" என்று சொன்னால் புரியும். வெளிநாட்டுக்காரரிடம் "ஃபில் இன்" அல்லது "ஃபில் அவுட்" என்பதே பொருத்தம்.

இங்கே ஒரு குழப்பம் வரும். "லுக் கேர்ஃபுல்லி அட் தி ரிப்போர்ட்" என்கிறார்களே, நடுவில் அட்வெர்ப் இருக்கிறதே? அது தவறில்லை. "லுக் அப்" (தேடிப் பார்ப்பது) வேறு வகை, "லுக் அட்" வேறு வகை. சோதிக்க எளிய வழி, கடைசியில் "இட்" போட்டுப் பார்ப்பது. "லுக் அட் இட்" நிற்கிறது, எனவே அட் ஒரு பிரிப்பொசிஷன், அதாவது அடுத்து வரும் பெயரோடு சேரும் சொல். அதற்கு முன் அட்வெர்ப் வரலாம். "லுக் அப் இட்" நிற்காது, "லுக் இட் அப்" என்றுதான் வரும். அங்கே நடுவில் அட்வெர்புக்கு இடமில்லை. "டிபெண்ட் என்டயர்லி ஆன்", "ரிலை ஹெவிலி ஆன்", "திங்க் கேர்ஃபுல்லி அபவுட்" மூன்றும் முதல் வகை. இவற்றை அப்படியே சேர்த்துப் பழகுவது நல்லது. காதும் உதவும்: "பிக் இட் அப்"பில் அழுத்தம் அப் மேல் விழும், "லுக் அட் இட்"டில் லுக் மேல் விழும். "லுக் ஆஃப்டர்" மட்டும் கொஞ்சம் பிடிவாதம். "இட்" சோதனையில் முதல் வகை போலத் தெரிந்தாலும், "லுக் ஆஃப்டர் ஹிம் வெல்" என்று அட்வெர்பைக் கடைசியில் வைப்பதே இயல்பு.

மூன்று சொல் சேர்ந்து வருபவற்றில் அட்வெர்ப் இரண்டாம் சொல்லுக்குப் பின், மூன்றாவதற்கு முன் நுழையலாம். "ஷி கெட்ஸ் ஆன் வெல் வித் தி நர்ஸஸ்". "ஹி காட் அப் குவிக்லி வித் தி அதர்ஸ்" (கேட்ச் அப் வித், அதாவது மற்றவர்களை வேகமாக எட்டிப் பிடித்தார்). "லுக் ஃபார்வர்ட் டு" வந்தால் "வீ ஆர் ரியலி லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ" என்று துணைவினைக்குப் பின்னால் வையுங்கள். டுவுக்குப் பின் "மீட்" அல்ல, "மீட்டிங்". ரியலி இருக்கும் இடத்தில் "வெரி"யைத் தனியாகப் போட முடியாது. "வெரி மச்" என்றால் சரி.

ஒட்டுச்சொல்லுக்கு நேர் முன்னால் உட்காரும் உரிமை சிலவற்றுக்கு உண்டு: ரைட், ஸ்ட்ரெய்ட், பேக். "கோ ரைட் இன்", "கம் ஸ்ட்ரெய்ட் பேக்", "கோ பேக் டவுன் டு தி ரிசப்ஷன்". ஒட்டுச்சொல் திசையோ இடமோ காட்டும்போதுதான் இது பெரும்பாலும் பொருந்தும். "கிவ் அப்" போலப் பொருள் முழுவதும் மாறிப்போன சேர்க்கையில் "கிவ் ரைட் அப்" என்று யாரும் சொல்வதில்லை. "கம்ப்ளீட்லி கேவ் அப்" என்பார்கள்.

பேக் விஷயத்தில் நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு "ரிட்டர்ன் பேக்". ரிட்டர்னிலேயே திரும்புதல் இருக்கிறது, பேக் மிகை. "கோப் அப் வித்"திலும் அப் வேண்டாம், "கோப் வெல் வித்" போதும். மெயிலில் பதில் கேட்க "ப்ளீஸ் ரிவர்ட்" என்று எழுதுவது இந்தியப் பழக்கம். வெளிநாட்டு பையருக்குக் குழப்பம் தரலாம். "ப்ளீஸ் கெட் பேக் டு அஸ் பை ஃப்ரைடே" என்றால் எவருக்கும் புரியும்.

மருத்துவமனையில் துணைக்கு நிற்பவர்களுக்குச் சில சேர்க்கைகள். வலி மருந்தின் வேகம் மெல்லக் குறைந்தால் "இட் ஹாஸ் கிராஜுவலி வோர்ன் ஆஃப்". காய்ச்சல் இறங்கிக்கொண்டே வந்தால் "தி ஃபீவர் இஸ் கமிங் டவுன் ஸ்லோலி". வாந்தி எடுத்தால் "ஹி த்ரூ அப் ட்வைஸ்". திடீரென்று மயங்கினால் "ஹி சடன்லி பாஸ்ட் அவுட்". நாம் கல்லூரிப் படிப்பை முடித்ததைச் சொல்லவும் "பாஸ்ட் அவுட்" என்கிறோம். வெளிநாட்டு டாக்டர் மயக்கம் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். அவரிடம் "கிராஜுவேட்டட்" என்று சொல்லுங்கள்.

பழக, உங்கள் வேலையில் தினமும் வரும் ஐந்து பிரேசல் வெர்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் பொருளின் பெயரோடு, பிறகு "இட்" போட்டு, அதன் பிறகு ஆல்ரெடி சேர்த்து, கடைசியில் கேர்ஃபுல்லி சேர்த்து எழுதுங்கள். வாய்விட்டுப் படிக்கும்போது அழுத்தம் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். "இட்" கடைசிக்குப் போகாத வினைகளைத் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்; நடுவில் கேர்ஃபுல்லி போடக் கூடாதவை அவைதான்.