வரையத் தெரியாதவர் கேம் கேரக்டர் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனியாளாக கேம் செய்கிறவர்களில் பலர் கோடிங்கில் காட்டும் துணிச்சலை கேரக்டர் வரைவதில் காட்டுவதில்லை. "எனக்கு வரைய வராது" என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். சிலர் வரைய வராததை மறைக்க பட்டன், மடிப்பு, முடிக்கற்றை, பளபளப்பு என்று நுணுக்கங்களை அடுக்குகிறார்கள். கேமை அதிகம் கெடுப்பது இந்த இரண்டாவது வழிதான். விளையாடுகிறவர் உங்கள் கேரக்டரை ஓவியம் போல நின்று பார்ப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் திரையில், கட்டைவிரல் அளவில், ஒரு கணம் பார்க்கிறார். யார், எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்பது அந்தக் கணத்தில் புரிந்தாக வேண்டும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

முதலில் அளவு. பெரிய கேன்வாஸில் ஆசை ஆசையாக வரைந்துவிட்டு, பிறகு சுருக்கி கேமுக்குள் வைப்பது மிகப் பரவலான தவறு. சுருக்கியதும் கண்ணிமை போய்விடும், விரல்கள் ஒட்டிக்கொள்ளும், முகம் ஒரு கறையாகிவிடும். கேமின் திரை அளவை முதலில் முடிவு செய்யுங்கள். சிறு சதுரப் புள்ளிகளால் வரையும் பிக்சல் ஆர்ட் என்றால் 320×180 நல்ல தொடக்கம். அதை நான்கு மடங்காக்கினால் 1280×720, ஆறு மடங்காக்கினால் 1920×1080. மீதி இல்லாமல் பொருந்தும். அந்தத் திரையில் கேரக்டருக்கு 16 அல்லது 32 பிக்சல் உயரம் போதும். 16 பிக்சலில் கண் என்பது ஒரு புள்ளி. வாய்க்கு இடமே இல்லை.

இடமில்லாததை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு மரியோவைவிட நல்ல பாடம் கிடையாது. 1981இல் டாங்கி காங் கேமுக்காக கேம் வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோட்டோ அந்த உருவத்தை அமைத்தபோது கைவசம் இருந்தவை மிகக் குறைந்த பிக்சல்கள். வாய் வரைய இடமில்லாததால் மீசை வந்தது. குதிக்கும்போது முடி அசைவதைக் காட்டும் சிரமத்தைத் தொப்பி தீர்த்தது. சட்டைக்கும் அதன் மேல் அணிந்த ஓவரால் கால்சட்டைக்கும் வேறு வேறு நிறம் கொடுத்ததால் கை வீசுவது உடம்போடு கலக்காமல் தெரிந்தது. உலகம் முழுக்கத் தெரிந்த அந்த முகம், எதை வரைய முடியாது என்று கணக்குப் போட்டதிலிருந்து வந்தது. நீங்களும் அதே கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

அடுத்தது உருவ வெளிக்கோடு. எல்லா கேரக்டரையும் ஒரே உடம்பில் வரைந்து, நாயகனுக்கு நீலம், எதிரிக்குச் சிவப்பு, நண்பனுக்குப் பச்சை என்று நிறத்தை மட்டும் மாற்றுவது வேலையை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். ஆனால் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத விளையாட்டாளருக்கு எதிரியும் நண்பனும் ஒருவர்தான். எல்லா உருவங்களையும் முழுக்கக் கறுப்பாக நிரப்பி அருகருகே வையுங்கள். யார் யார் என்று சொல்ல முடியவில்லை என்றால், எவ்வளவு அழகாக வண்ணம் தீட்டினாலும் பயனில்லை. ஒருவரைக் குட்டையாகவும் அகலமாகவும், இன்னொருவரை ஒட்டடைக்குச்சி போலவும் ஆக்கினாலே பாதி வேலை முடிந்தது. மைக் பிதெல்லின் 2012ஆம் ஆண்டு கேமான தாமஸ் வாஸ் அலோனில் கேரக்டர்கள் வெறும் செவ்வகங்கள்தான். உயரம், அகலம், குதிக்கும் திறன், கூடவே ஒரு கதைசொல்லியின் குரல் ஆகியவற்றாலேயே ஒவ்வொன்றும் தனி ஆளாகிவிடுகிறது.

நிறத்தில் நடக்கும் தவறு, தேவைப்படும்போதெல்லாம் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கேமில் நாற்பது விதமான பழுப்பு இருக்கும். 1989இல் வந்த கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய் நான்கே சாயல்களில் இயங்கியது. சிறு கேம்கள் செய்ய உதவும் மென்பொருளான இன்றைய பிக்கோ-8இன் அடிப்படைப் பேலட்டில் (நிறத் தொகுப்பில்) 16 நிறங்கள். இப்படி ஒரு ஆயத்தப் பேலட்டை எடுத்துக்கொண்டு அதைவிட்டு வெளியே போகாதீர்கள். நிழலுக்கு அதே நிறத்தில் கறுப்பைக் கலந்தால் உருவம் அழுக்காகத் தெரியும்; நிழலை நீலம் அல்லது ஊதா பக்கமும், வெளிச்சத்தை மஞ்சள் பக்கமும் நகர்த்துங்கள். விளிம்பு முழுக்க இருட்டாக்கி நடுவில் வெளுப்பாக்குவதும் வேண்டாம், அது உருவத்தைத் தலையணை ஆக்கிவிடும். ஒளி இடது மேல் மூலையிலிருந்து வருகிறது என்று முடிவு செய்து, எல்லா கேரக்டருக்கும் அதையே பின்பற்றுங்கள். கடைசியாக ஒரு ஸ்கிரீன்ஷாட்டை கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நாயகன் பின்னணிக்குள் மறைந்தால், பின்னணியை மங்கலாக்குங்கள்.

பிக்சல் அளவுகளைக் கலப்பது கண்ணை உடனே உறுத்தும். 16 பிக்சல் நாயகனை நான்கு மடங்காகவும், 64 பிக்சல் எதிரியை அப்படியேயும் வைத்தால் இருவரும் வெவ்வேறு கேமிலிருந்து வந்தவர்கள் போல் இருப்பார்கள். வரைந்ததில் பிழையே இல்லாமல் திரையில் மங்கலாகத் தெரிந்தால், அது எஞ்சினின் (கேமை உருவாக்கி இயக்கும் மென்பொருளின்) ஃபில்டர், அதாவது படத்தை மென்மையாக்கும் அமைப்பு: கோடோ எஞ்சினில் நியரஸ்ட், யூனிட்டி எஞ்சினில் பாயிண்ட் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

பிக்சல் ஆர்ட்தான் எளிது என்று நினைப்பதும் ஒரு தவறு என்பேன். 16 பிக்சலில் அது எளிது. 64 பிக்சலைத் தாண்டினால் உடற்கூறு தெரிந்தாக வேண்டும். பெரிய உருவம் தேவைப்படுகிறவர் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வட்டமும் செவ்வகமும் அடுக்கிச் செய்வது எத்தனையோ மேல். கை, கால், தலையைத் தனித்தனியாக வைத்தால் எஞ்சினிலேயே அசைக்கவும் முடியும்.

அனிமேஷனுக்கு வருவோம். கேம் விளையாடத்தக்கதா என்று தெரியும் முன்பே பன்னிரண்டு ஃப்ரேம் (தனித்தனிப் படங்கள்) கொண்ட நடை வரைவது உழைப்பை வீணாக்கும் வழி. குதிக்கும் உயரம் மாறும், கேரக்டரின் அளவு மாறும், சில சமயம் கேரக்டரே போய்விடும். அதுவரை ஒரு வண்ணப் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். பிறகும் நடைக்கு நான்கு ஃப்ரேம் போதும்: வலது கால் முன்னே, கால்கள் சேரும் நிலை, இடது கால் முன்னே, மறுபடி சேரும் நிலை. சேரும் நிலையில் உடம்பை ஒரு பிக்சல் உயர்த்தினால் நடைக்கு உயிர் வந்துவிடும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் பாதம் ஒரே கோட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால் கேரக்டர் தரையில் நடுங்கும். வலப்பக்கம் திரும்பிய உருவத்தைப் புரட்டி இடப்பக்கத்துக்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் ஒற்றைக்கண் கட்டு, ஒரு பக்கத் தழும்பு எல்லாம் வேண்டாம். திரும்பும்போதெல்லாம் அது பக்கம் மாறும்.

மீதியைக் கோடிங்கிடம் விடுங்கள், அதுதானே உங்கள் பலம். குதிக்கும் கணத்தில் உயரத்தை 1.25 மடங்கும் அகலத்தை 0.8 மடங்கும் ஆக்குங்கள். இரண்டையும் பெருக்கினால் 1, அதாவது பரப்பு மாறாது. தரை தொடும்போது இதைத் தலைகீழாக்குங்கள். கேரக்டர் எதிலாவது மோதியதா என்று கணக்கிடும் மோதல் எல்லையை மட்டும் தொடாதீர்கள். இப்படி நீட்டினால் பிக்சல்கள் சதுரமாக இருக்காது என்று பிக்சல் ஆர்ட்டில் கறாரானவர்கள் கோபிப்பார்கள். அது சில ஃப்ரேம்களுக்குத்தான், அந்த வேகத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பது என் எண்ணம்.

இலவச கேரக்டர்களை எடுக்கிறவர்கள் உரிமத்தைப் படிக்காமல் விடுவது பெரிய ஆபத்து. கென்னி தளத்தின் தொகுப்புகள் சிசி0, அதாவது பெயர் குறிப்பிடும் கட்டாயம்கூட இல்லாத உரிமம், தயங்காமல் பயன்படுத்தலாம். பலர் தங்கள் படைப்புகளைப் பகிரும் ஓப்பன்கேம்ஆர்ட் தளத்தில் ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு உரிமம். சிசி-பை என்றால் படைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். இறக்கிய அன்றே பெயரையும் உரிமத்தையும் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள், வெளியீட்டு நாளில் தேடினால் கிடைக்காது. மூன்று பேரின் படைப்புகளைக் கலக்க நேர்ந்தால் எல்லாவற்றையும் உங்கள் ஒரே பேலட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

பிறரிடம் காட்டும்போது "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ஓடும் கேமை ஐந்து நொடி காட்டி அணைத்துவிட்டு, யார் எதிரி, நாயகன் கையில் என்ன வைத்திருந்தான் என்று கேளுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தைத்தான் அடுத்து திருத்த வேண்டும்.