இருவர் அமரும் இலகுரக விமானம்: பென்சிலுக்கு முன் தராசு

விமானம் வடிவமைக்க உட்காரும் பலர் முதலில் வரைவது மூக்கையும் கண்ணாடிக் கூரையையும்தான். அவை காத்திருக்கட்டும், முதலில் எடைக்கணக்கு. 2004-இல் அமெரிக்கா வகுத்த இலகுரக விளையாட்டு விமான வரையறைப்படி, புறப்படும் எடை 600 கிலோவுக்குள், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) விரிக்காத ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே இறக்கை தூக்கு இழக்கும் வேகம், 45 நாட் (மணிக்கு 45 கடல்மைல்) எல்லைக்குள் இருக்க வேண்டியிருந்தது. அந்த விதி பின்னர் தளர்ந்துவிட்டது. ஆனாலும் முதல் வடிவமைப்புக்கு இவ்விரு எண்களும் நல்ல வேலி.

ஆளுக்கு 86 கிலோ, இருவர் 172. பெட்ரோல் 80 லிட்டர், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 58. பைகளுக்கு 15. ஆக 245. வெறும் விமானம் 355 கிலோவில் முடிய வேண்டும். பெயின்ட், மெத்தை, வயர் எல்லாம் சத்தமில்லாமல் எடை கூட்டும். ஒவ்வொரு பாகத்தையும் பொருத்துமுன் நிறுத்து எழுதுங்கள். வாலில் 1 கிலோ கூடினால் வலி அதிகம்: வால் ஈர்ப்பு மையத்திலிருந்து (மொத்த எடை சமனாகும் புள்ளி) 4 மீட்டர் பின்னால், எஞ்சின் 1.3 மீட்டர் முன்னால் என்றால், சமன் செய்ய மூக்கில் 3 கிலோ ஈயம் வேண்டும்.

அடுத்து இறக்கைப் பரப்பு. எடையை (5,886 நியூட்டன்) இரட்டித்து, காற்றின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், தூக்கு கெழு (இறக்கை எவ்வளவு தூக்கும் என்பதைக் காட்டும் எண்) மூன்றின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். 45 நாட் என்பது நொடிக்கு 23.15 மீட்டர். கெழு 1.5 என்றால் விடை 12 சதுர மீட்டர். அடர்த்திக்கு கனமீட்டருக்கு 1.225 கிலோ போடுங்கள். பினாங்கு வெயிலை நினைத்து 1.15 போடுவது தவறு. 45 நாட் வரம்பு, வேகமானி காட்டும் வேகத்தில் (கருவிப் பிழை நீக்கி) சொல்லப்பட்டது, அதை வெப்பம் மாற்றாது. வெயில் கடிக்கும் இடம் ஓடுபாதை. 33 டிகிரியில் காற்றும் மெலிகிறது, எஞ்சினும் சோர்கிறது. புறப்படும் ஓட்டம் ஏறக்குறைய 15 சதவீதம் நீளும். புரொப்பெல்லரின் பிட்ச்சை, அதாவது தகடுகளின் சாய்வை, சற்றுக் குறைத்து, ஏறுவதற்குச் சாதகமாக வையுங்கள்.

இறக்கையின் சராசரி அகலம் 1.3 மீட்டர் என்றால் நுனி முதல் நுனி வரை நீளம் 9.2 மீட்டர். வாலின் கை, அதாவது ஈர்ப்பு மையத்திலிருந்து வாலுக்குள்ள தூரம், 4 மீட்டர் இருந்தால் கிடைவாலுக்கு 1.95, நிமிர்வாலுக்கு 1 சதுர மீட்டர் போதும். இருக்கைகளைப் பக்கம் பக்கமாக, ஈர்ப்பு மையத்துக்கு அருகில் வைத்தால் ஒருவர் பறந்தாலும் இருவர் பறந்தாலும் சமநிலை பெரிதாக நகராது.

வலிமைக்கு மேல்நோக்கி எடையின் 4 மடங்கு, கீழ்நோக்கி 2 மடங்கு, அதன்மேல் 1.5 மடங்கு பாதுகாப்பு. அதாவது இறக்கைகள் இரண்டும் சேர்ந்து 3,600 கிலோவை உடையாமல் சுமக்க வேண்டும். மணல் மூட்டை அடுக்கிச் சோதிக்காத இறக்கையில் ஆள் ஏறவே கூடாது.

அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்சி பிசின் பல வகைகளில் 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் கறுப்புப் பரப்பு அதைத் தாண்டிவிடும். வெள்ளை பெயின்ட்தான் அடிக்க வேண்டும். கடற்காற்றில் அலுமினியமும் எஃகு போல்ட்டும் நேராகத் தொட்டால் அலுமினியம் அரிக்கும். இடையே பிரைமர் பூசுங்கள். இறக்கை, உடலுக்குள் இருக்கும் ஒவ்வோர் அறையின் தாழ்ந்த மூலையிலும் தண்ணீர் வடிய 6 மில்லிமீட்டர் வடிகால் துளை வேண்டும்.