பொலிஸைப் படம் பிடிக்கலாமா? கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

போன மாசி மாதம், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் கார் தரிப்பிடம். இரண்டு பொலிஸார் ஒரு பெடியனைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நடைபாதையில் நின்று போனை வெளியே எடுத்தேன். என் மருமகன் இலங்கையிலிருந்து வந்து அப்போது மூன்று மாதம்தான். என் கையைப் பிடித்து இழுத்தான். "மாமா, உள்ளுக்கை வையுங்கோ. எங்களையும் ஏத்திக்கொண்டு போவாங்கள்."

அவனில் பிழை சொல்ல முடியாது. ஊரில் காவலரணுக்கு முன்னால் கமராவைத் தூக்கினால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பயம் விமானம் ஏறி எங்களோடு வந்துவிடுகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கனடாவில் பொது இடத்தில் கடமையில் இருக்கும் பொலிஸாரைப் படம் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. அவர்களிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. கனடா அரசியலமைப்பின் பகுதியான உரிமைகள் சாசனத்தின் 2ஆம் பிரிவு கருத்து வெளியிடும் சுதந்திரத்தைத் தருகிறது. 8ஆம் பிரிவு நியாயமில்லாத சோதனையிலிருந்தும் பறிமுதலிலிருந்தும் காக்கிறது. இரண்டு பிரிவுகளும் "குடிமக்களுக்கு" என்று சொல்லவில்லை, "எல்லோருக்கும்" என்றே சொல்கின்றன. பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) வரவில்லையே, அகதிக் கோரிக்கை இன்னும் முடியவில்லையே என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தீர்ப்பு நினைவில் இருக்கட்டும். சாசனத்தின் 7ஆம் பிரிவில் உள்ள "எல்லோரும்" என்ற சொல்லுக்குள் இந்த மண்ணில் நிற்கும் அகதிக் கோரிக்கையாளரும் அடங்குவார் என்று 1985ஆம் ஆண்டு சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2017 ஜனவரியில் ரொறன்ரோ நகர மையத்தில், ஒரு கைதைப் படம் பிடித்தவரிடம் போனைப் பறிமுதல் செய்வோம் என்று பொலிஸார் மிரட்டியது காணொளியாகவே வெளிவந்தது. கடமைக்கு இடையூறு செய்யாதவரை பொதுமக்கள் படம் பிடிக்கலாம் என்று ரொறன்ரோ பொலிஸ் சேவை அதன் பிறகு வெளிப்படையாகச் சொன்னது.

"இடையூறு" என்ற அந்தச் சொல்லில்தான் கவனமாக இருக்க வேண்டும். குற்றவியல் சட்டத்தின் 129ஆம் பிரிவு பொலிஸாரின் கடமையைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. படம் பிடிப்பது தடுப்பது ஆகாது. இடையில் புகுவது, கைது செய்யப்படுபவரைப் பிடித்து இழுப்பது, தள்ளி நிற்கச் சொன்னபோது அசையாமல் நிற்பது ஆகியவைதான் ஆபத்து. இத்தனை மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்று சட்டத்தில் அளவு இல்லை. என் அளவு இரண்டு கார் நீளம். குடியேற்றக் கோப்பு இன்னும் திறந்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுங்கள். படம் பிடித்ததால் கோப்புக்கு ஒன்றும் வராது. ஆனால் குற்றச்சாட்டு ஒன்று பதிவானால் அது கோப்பைத் தொடும்.

அன்றைக்கு ஒரு பொலிஸ்காரர் திரும்பி என்னைப் பார்த்து "ஸ்டெப் பேக், சேர்" என்றார். நான் "ஓகே, ஐ ஆம் ஸ்டெப்பிங் பேக்" என்று கமராவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லி மூன்று அடி பின்னால் வைத்தேன். போனைக் கீழே இறக்கவில்லை. அவர் திரும்பித் தன் வேலையைப் பார்த்தார். அந்த ஒரு வசனத்தைப் பாடமாக்கி வையுங்கள். இன்னொன்று: "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" போகலாம் என்றால் போய்விடலாம். போக முடியாது என்றால் ஏன் என்று கேட்கலாம். போனை ஒளித்துப் பிடிக்க வேண்டாம், நெஞ்சுக்கு நேரே தெரியப் பிடியுங்கள். பொக்கற்றுக்குள் சட்டென்று கை விடாதீர்கள்.

போனைத் தரச் சொன்னால்? இந்த இடத்தில் வன்கூவர் விமான நிலையக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். போலந்திலிருந்து தாயிடம் குடியேற வந்தவர் ரொபேர்ட் ஜெகான்ஸ்கி, வயது 40, ஆங்கிலம் தெரியாது. எங்களைப் போலப் புதிதாக வந்தவர். 2007 அக்டோபரில், கிட்டத்தட்ட பத்து மணி நேரம் வருகைப் பகுதிக்குள் வழி தெரியாமல் அலைந்து, களைத்துக் குழம்பிப்போன அவரை கனடாவின் தேசியப் பொலிஸான ஆர்.சி.எம்.பி.யின் நான்கு அதிகாரிகள் சூழ்ந்தார்கள். அவர்களில் ஒருவர் டேசரால், அதாவது மின்னதிர்ச்சி கொடுக்கும் துப்பாக்கியால், சுட்டார். அங்கேயே இறந்துபோனார். பக்கத்தில் நின்ற போல் பிரிட்சர்ட் என்ற பயணி அதைப் படம் பிடித்திருந்தார். 48 மணி நேரத்தில் திருப்பித் தருவோம் என்று சொல்லிப் பொலிஸார் அதை வாங்கினார்கள், பிறகு தர மறுத்தார்கள். அவர் சட்டத்தரணியை வைத்துத்தான் மீட்டார். நவம்பரில் காணொளி வெளிவந்தபோது பொலிஸார் முதலில் சொன்ன கதை நொறுங்கியது. டேசர் பாவித்ததற்கு நியாயமில்லை என்று விசாரணை ஆணைக்குழு 2010இல் சொன்னது. அந்த நால்வரில் இருவர் பொய்ச் சாட்சியம் சொன்னதற்காகப் பிறகு குற்றவாளிகளானார்கள். அந்தக் காணொளி திரும்பி வந்திருக்காவிட்டால் அந்தத் தாய்க்கு யார் பதில் சொல்லியிருப்பார்கள் என்று இன்றைக்கும் எனக்கு மனம் கொதிக்கிறது.

ஆகவே போனை நீங்களாக நீட்ட வேண்டாம். "டு யூ ஹாவ் எ வாரன்ட்?" (நீதிமன்ற ஆணை இருக்கிறதா?) என்று கேளுங்கள். "ஐ டு நொட் கன்சென்ட்" (நான் சம்மதிக்கவில்லை) என்று அமைதியாகச் சொல்லுங்கள். நீங்களே கைதானால் நிலைமை வேறு. சில நிபந்தனைகளோடு பொலிஸார் வாரன்ட் இல்லாமலே போனைப் பார்க்கலாம் என்று 2014ஆம் ஆண்டு ஃபியரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதாரம் அழிந்துவிடும் அவசரத்திலும் வாரன்ட் இல்லாமல் எடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பலவந்தமாக எடுத்தால் மல்லுக்கு நிற்காதீர்கள். அதிகாரியின் பெயரையும் பட்ஜ் இலக்கத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டைத் திறக்கும் இலக்கத்தைக் கேட்டால், சட்டத்தரணியோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள். விரல் ரேகையை விட இலக்கப் பூட்டே நல்லது.

கார் ஓட்டும்போது உங்களை நிறுத்தினால் லைசென்ஸ், ஓனர்ஷிப், இன்சூரன்ஸ் மூன்றையும் கொடுக்கத்தான் வேண்டும். ஒன்ராறியோவில் ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடிப்பது தனிக் குற்றம், பெரிய தண்டம். போனை முதலே டாஷ்போர்டில் பொருத்தி வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பிடிக்கட்டும். கடைக்குள்ளோ மோலுக்குள்ளோ நிற்கும்போது உரிமையாளர் வெளியே போகச் சொன்னால் போய்விடுங்கள், அது தனியார் நிலம். விமான நிலையத்தின் எல்லைச் சோதனைப் பகுதியில் இந்தக் கதை எதுவும் செல்லாது, அங்கே போனைப் பைக்குள் வையுங்கள்.

படம் பிடித்த பிறகு வெட்டவோ இசை சேர்க்கவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்துவிடும். மூலக் கோப்பை அப்படியே கிளவுட்டில் ஏற்றி, திகதி, நேரம், சந்தி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பொலிஸால் யாராவது கடுமையாகக் காயப்பட்டாலோ இறந்தாலோ ஒன்ராறியோவில் விசாரிப்பது எஸ்.ஐ.யு. என்ற தனி அமைப்பு, அதில் இருப்பவர்கள் பொலிஸ் சேவையைச் சேர்ந்தவர்கள் அல்ல. நடத்தை பற்றிய முறைப்பாடு என்றால் 2024 ஏப்ரலிலிருந்து அதை ஏற்பது சட்ட அமலாக்க முறைப்பாட்டு முகமை. ஆறு மாதத்துக்குள் கொடுப்பது நல்லது, பிந்தினால் ஏற்காமல் விடலாம்.

முகநூலில் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். படத்தில் இருப்பவரின் வழக்குக்கு அது உதவலாம், கெடுக்கவும் செய்யலாம். அன்றைக்கு அந்தப் பெடியனை அரை மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். நாங்கள் நடைபாதையிலேயே காத்து நின்றோம். அவன் எங்களிடம் வந்து, அந்தக் காணொளி தனக்கு வேணும் என்றான். அவனுடைய ஈமெயிலை மருமகன்தான் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு, குளிரில் விறைத்த விரலால் என் போனில் பதிந்தான்.